மெஷினுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். திருப்பூரிலிருந்து அவினாசி போகிற சாலையை விட்டு இறங்கி, அனுப்பர்பாளையத்துச் சந்து ஒன்றில் போய்க்கொண்டிருந்தேன். இடது பக்கத்திலிருந்து 'டங்... டங்... டங்' என்று சுத்தியல் சத்தம். கேட்கவே வேண்டாம், பாத்திரப் பட்டறை! பித்தளைக்கும் செம்புக்கும் எவர்சில்வருக்கும் பேர் போன ஊர் அல்லவா? கலியாண மாதம் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் இங்கே அண்டாக்கள் அடி வாங்கும். ஆனால் வலது பக்கத்திலிருந்து வந்த 'தடக்... தடக்... தடதடதட!' என்ற சத்தம் எந்தப் பட்டறையைச் சேர்ந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

எட்டிப் பார்த்தேன். பட்டறையுமில்லை, ஒன்றுமில்லை. ஒரு வீட்டின் புழக்கடையில், மேல்பக்கம் மூடி வைத்த சலவை மெஷின் ஒன்று, நின்ற இடத்தை விட்டு ஒரு முழம் நகர்ந்து வந்து சுவரோடு மல்லுக்கு நின்றது. வீட்டுக்கார அம்மாள் இரண்டு கைகளாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மூக்கணாங்கயிறு இல்லாத காங்கேயம் காளையைப் பிடிப்பது மாதிரி இருந்தது அந்தக் காட்சி.

"தம்பி! அந்த சுவிட்சைக் கொஞ்சம் அமத்துங்க!" என்றார் என்னைப் பார்த்ததும். யார், எவர் என்று விசாரிக்கிற நேரமா அது? ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். மெஷின் இரண்டு குலுங்கு குலுங்கி ஓய்ந்தது.

நான் அந்த ஊருக்குப் போனது பாத்திரத் தொழிலைப் பற்றி எழுத. எழுதிக்கொண்டு வந்ததோ இதை!

அந்த அம்மாளுக்கு வாரத்தில் ஆறு நாள் பனியன் கம்பெனியில் 'செக்கிங்' வேலை. கணவருக்கும் கம்பெனி வேலைதான். இரண்டு பிள்ளைகள், மாமனார். ஐந்து பேருடைய ஒரு வாரத்துத் துணி ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையாகக் குவியும். முன்பெல்லாம் ஒரு மணி, இரண்டு மணி வரை துவைகல்லோடு போராட்டம். மெஷின் வந்த பிறகு பாதி ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அதற்காகத்தான் தவணையில் வாங்கினார்கள்.

"தவணை போன மாசந்தானுங்க முடிஞ்சுது. இந்த மாசம் இப்படி ஆடுது. கடன் அடையட்டும்னு காத்துட்டு இருந்திருக்குமாட்ட இருக்குது" என்றார் அந்த அம்மாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சிரிப்பில் சுரத்து இல்லை. 'பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். அப்படியானால் மறுபடியும் ஒரு தவணை. அதற்கு முன்னால் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிடலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

மெக்கானிக் பையனும் வந்து சேர்ந்தான். திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மாமனாரும் எழுந்து வந்தார். நாற்பது வருஷம் பட்டறையில் சுத்தியல் பிடித்த கை அவருடையது. இந்த வைத்தியத்தைப் பார்க்காமல் போவதா? நானும் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பையன் மூடியைத் திறந்தான். உள்ளே கையை விட்டு, தண்ணீர் குடித்து ஊறிப்போயிருந்த ஜமுக்காளம் ஒன்றை இழுத்து வெளியே போட்டான்.

"இதுதானுங்க்கா ஆட்டி வெச்சுது."

"ஏழு கிலோ மெஷின்தானே தம்பி? ஜமுக்காளம் அத்தனை கனம் வராதே?"

ஏழு கிலோ என்று பெட்டியின் மேல் போட்டிருப்பது காய்ந்த துணியின் எடை. அதிலும், எல்லாத் துணியும் தொட்டியைச் சுற்றிச் சமமாகப் பரவியிருந்தால்தான் அந்தக் கணக்கு. இந்த மெஷினின் தொட்டி தரையில் உட்கார்ந்திருக்கவில்லை. நாலு மூலையிலிருந்து ஸ்பிரிங் வைத்த நாலு கம்பிகளில், குழந்தையின் தூளியைப் போலத் தொங்கிக்கொண்டிருக்கிறது. பிழியும் வேளையில் உள் டிரம் நிமிஷத்துக்குச் சுமார் எழுநூறு சுற்றுச் சுற்றும். ஒற்றை ஜமுக்காளம் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டால் தூளி என்ன செய்யும்? பெட்டியின் சுவரில் மோதும். நல்ல மெஷினாக இருந்தால் அதை உணர்ந்து நின்று, மறுபடி தண்ணீர் பிடித்துத் துணியைக் கலைத்துப் பார்க்கும். இரண்டு மூன்று தடவை முயன்றும் முடியாவிட்டால் கூப்பாடு போடும். இதைக் 'கோளாறு' என்று எண்ணி மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்புகிறவர்கள் அநேகம் பேர். கனத்த துணியைத் தனியாகப் போடாமல் கூட நாலு துண்டு, சட்டை சேர்த்துப் பரப்பிப் போட்டாலே பாதி ஆட்டம் அடங்கிவிடும்.

இது ஏதோ நம் ஊர்ப் புழக்கடைச் சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். 2016 நவம்பரில் அமெரிக்காவில் சாம்சங் கம்பெனி, மேலே மூடி வைத்த சலவை மெஷின்கள் சுமார் 28 லட்சத்தைக் குறைபாடு உள்ளவை என்று அறிவித்தது. பிழியும்போது அதிர்வு அதிகமாகி, மெஷினின் மேல்தட்டே பெயர்ந்து எழும்பிவிட்டது. சிலருக்குக் காயம், ஒருவருக்குத் தாடை எலும்பே முறிந்தது. மெஷின் பழுது பார்க்கப்படும் வரை படுக்கை விரிப்பு, கனத்த துணி, தண்ணீர் ஒட்டாத துணி இவற்றையெல்லாம் மெதுவாகச் சுற்றும் முறையில்தான் துவைக்க வேண்டும் என்று அங்கே அரசாங்கப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்தது. மழைக் கோட்டைப் பிழியப் போடாதீர்கள் என்று நம் மெஷின்களோடு வரும் கையேட்டிலும் எழுதித்தான் இருக்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்? அது பீரோவில் பத்திரமாக இருக்கிறது!

பையன் அடுத்தபடியாக ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கேட்டான். குடிக்கத்தான் என்று நினைத்தேன். வாங்கி மெஷினின் மூடிமேல் வைத்தான். தண்ணீர் ஒரு பக்கமாகத் தளும்பி வழிந்தது. புழக்கடைத் தரை சாக்கடைப் பக்கம் சரிவு. மெஷினும் சரிந்து நின்றிருக்கிறது. அடியிலுள்ள காலைத் திருகி உயர்த்தியதும் டம்ளரில் தண்ணீர் நேராக நின்றது.

"ரசமட்டத்துக்குச் சொன்ன வேலையை டம்ளர் செஞ்சுபோட்டுது பாருங்க" என்று பெரியவர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

"தண்ணி ஏர்றதுக்கே ஒரு மணி நேரம் ஆகுது தம்பி. அதையும் பாரு."

தண்ணீர்க் குழாயைக் கழற்றினான். மெஷினுக்குள் தண்ணீர் நுழைகிற வால்வின் வாயில், காப்பி வடிகட்டி போலச் சின்னஞ்சிறு வலை இருக்கிறது. மணலும் துருவும் வெள்ளைப் பொருக்கும் சேர்ந்து அது அடைத்தே போயிருந்தது. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் நாலு தேய்ப்பு, அவ்வளவுதான். மாதத்துக்கு ஒரு முறை, குழாயை மூடிவிட்டு, வீட்டில் யாரும் செய்யக்கூடிய வேலை இது. செய்யாமல் விட்டால், 'வால்வு போய்விட்டது' என்று புது வால்வுக்குப் பணம் அழ வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயமும் சொன்னான். இந்த வால்வு திறப்பதற்கே தண்ணீர் ஓரளவு அழுத்தத்தோடு வரவேண்டும். பல மெஷின்களுக்கு, குழாய்க்கு மேலே ஐந்து மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால் சௌகரியம். ஒற்றை மாடி வீட்டின் மொட்டைத் தளத்தில் தரையோடு தரையாகத் தொட்டியை வைத்தால் மூன்று மீட்டர்தான் தேறும். தொட்டிக்கு அடியில் மேடை கட்டுவதற்குப் பதில் மெஷினைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர்!

இதற்கெல்லாம் பிறகுதான் உண்மையான வியாதி வெளியே வந்தது. மின்சாரத்தைத் துண்டித்து, டிரம்மின் அடியிலுள்ள சுழல்தட்டின் நடுத் திருகைக் கழற்றித் தட்டைத் தூக்கினான் பையன். பல்சேட்டர் என்பார்களே, அந்தத் தட்டுத்தான். அடியிலே இரண்டு ஒற்றை ரூபாய், ஒரு ஊக்கு, பனியன் கம்பெனியிலிருந்து உடம்போடு ஒட்டி வந்த நூல்தும்பு ஒரு கைப்பிடி. அவை போகட்டும். அதற்கும் கீழே சுவரிலும் தரையிலும் அப்பியிருந்ததைப் பார்த்ததும் அந்த அம்மாள் "அய்யோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். சாம்பல் நிறத்தில், சுண்ணாம்பும் சோப்பும் அழுக்கும் சேர்ந்த களி! அதன் வாசனை இருக்கிறதே, அதை எழுதாமல் விடுகிறேன். இதன் நடுவிலா ஒரு வருஷத்துக்கு மேலாகத் துணி துவைத்தோம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பெரியவர் குனிந்து, டிரம்மைத் தாங்குகிற நடுப்பகுதியை விரலால் சுரண்டினார். அது அலுமினிய வார்ப்பு. அங்கங்கே வெள்ளை பூத்து அரித்திருந்தது.

"டிரம்மு எவர்சில்வரு, இது அலுமினியம். ரெண்டு உலோகத்தைச் சேத்து உப்புத் தண்ணியில ஊற வெச்சா, ஒண்ணு இன்னொண்ணைத் தின்னும். இது பட்டறையில சின்னப் பையனுக்குக் கூடத் தெரியுமே?" என்றார். "எவர்சில்வர் மட்டும் சாகாவரம் வாங்கிட்டு வந்துதாக்கும்? உப்பு நின்னா அதுலயும் புள்ளி விழும்."

பெரியவர் சொன்னது ரசாயனப் புத்தகத்தில் உள்ள விஷயம். உப்புக் கரைந்த நீரில் இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அவற்றில் பலவீனமானது கரைந்து மற்றதைக் காப்பாற்றும். சோப்புத் தூளின் காரமும் அலுமினியத்துக்கு ஆகாது. ஆக, தூளை அள்ளி அள்ளிப் போடுகிறவர்கள் மெஷினுக்கு இரட்டைத் தீங்கு செய்கிறார்கள்.

"எந்தக் குழாயிலிருந்துங்க தண்ணி?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் சுவரைக் காட்டினார். இரண்டு குழாய்கள் இருந்தன. திருப்பூர்ப் பக்கத்து வீடுகளில் இது சர்வ சாதாரணம். ஒன்று 'நல்ல தண்ணி', ஆற்று நீர். திருப்பூர் வட்டாரத்துக்கு ஆற்று நீரைக் கொண்டுவரப் பெரிய திட்டமே நிறைவேற்றப்பட்டது. இன்னொன்று 'உப்புத் தண்ணி'. ஆழ்துளைக் கிணற்று நீர். பாறைப் பூமியாதலால் இயற்கையாகவே கடினமான நீர் அது. போதாக்குறைக்கு, இந்த வட்டாரத்தில் பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பை மூட்டை மூட்டையாகக் கரைத்து, கழிவை வருஷக்கணக்காக நொய்யலில் விட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூட உத்தரவிட்டதும், கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்க ஏற்பாடு செய்த பிறகே அவை மறுபடி இயங்கியதும் ஊரறிந்த கதை. பூமிக்குள் இறங்கிய உப்பு அதற்காக உடனே மேலேறிப் போய்விடுமா?

நல்ல தண்ணீர் சமையலுக்கு. உப்புத் தண்ணீர் மெஷினுக்கு. இல்லத்தரசியின் கணக்கில் இது நியாயந்தான். ஒரு முழுச் சலவைக்கு இந்த மாதிரி மெஷின் நூறு லிட்டருக்கு மேல் குடிக்கிறது. எப்போதோ ஒரு நாள் வருகிற ஆற்று நீரை அதற்குக் கொட்ட யாருக்கு மனசு வரும்?

உங்கள் வீட்டு நீர் எப்படி என்று தெரிந்துகொள்ள மருந்துக்கடைச் சாமான் எதுவும் வேண்டாம். ஒரு பாட்டிலில் அரைப் பங்கு தண்ணீர் பிடித்து, குளிக்கிற சோப்பில் ஒரு சீவல் போட்டுக் குலுக்குங்கள். நுரை பொங்கி நின்றால் மென்னீர். பால் திரிந்தது போலக் கலங்கி, வெள்ளைத் துகள் மிதந்தால் கடின நீர். (துணி துவைக்கும் பவுடரைப் போட்டுப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கடின நீரையும் சமாளிக்கும்படியாகவே அதைத் தயாரிக்கிறார்கள்.) குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம் நாக்கு பொறுத்துக்கொண்டாலும், மெஷினின் மூட்டுகள் பொறுப்பதில்லை.

பிறகு பரிகாரம் என்ன?

பையன் சொன்ன யோசனை எனக்குப் பிடித்திருந்தது. மெஷினின் குழாய் நுனியில் 'கிளிக்' என்று மாட்டுகிற ஒரு பூண் இருக்கிறது. அதைப் போல இன்னொரு பூணை வாங்கி நல்ல தண்ணீர்க் குழாயிலும் பொருத்திவிட்டால், துவைப்பதற்கு உப்புத் தண்ணீரும், கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீருமாக மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம். உப்பு, டிரம்மில் காய்ந்து உட்காராது. வெள்ளைத் துணியும் பழுப்பு ஏறாது. இரண்டு குழாயையும் ஒன்றாக இணைத்து நடுவில் வால்வு வைப்பது வேறு விஷயம். ஒன்றை மூட மறந்தால் உப்புத் தண்ணீர் குடிநீர்த் தொட்டிக்குள் ஏறிவிடும். அது வேண்டாம்.

படிந்த பொருக்கைக் கரைப்பதற்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், அல்லது கடையில் விற்கிற பொருக்கு நீக்கும் பவுடர். துணி எதுவும் போடாமல், கையேட்டில் சொன்ன அளவில் கரைத்து, மாதத்துக்கு ஒரு தடவை ஓட்டிவிட வேண்டும். "பித்தளைக்குப் புளி போடற மாதிரின்னு சொல்லு" என்றார் பெரியவர். அதேதான். ஆனால் புளியைப் போட்டு ராத்திரி முழுக்க ஊற வைத்தால் பித்தளையே அல்லவா கரையும்? அளவு முக்கியம். அதைவிட முக்கியம், இந்த அமிலத்தோடு பிளீச்சிங் பவுடரையோ பிளீச்சிங் திரவத்தையோ ஒருக்காலும் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் கிளம்புகிற குளோரின் வாயு நெஞ்சை அடைத்துவிடும்.

ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் ரசம் வைக்க நம் பாட்டிமார் சம்மதித்திருப்பார்களா? ஈயம் தேய்ந்தால் தெருவில் ஆள் வருகிற வரைக்கும் அந்தப் பாத்திரம் பரண்மேல்தான் இருக்கும். மெஷின் விஷயத்தில் மட்டும், வாங்கி வைத்தால் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று எப்படியோ ஒரு நம்பிக்கை நமக்கு வந்துவிட்டது.

சில்லறை வியாதிகளையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். கழிவு நீர்க் குழாய் தரையோடு தாழ்ந்து கிடக்க வேண்டும்; நம் ஊரில் விற்கிற இந்த ரகத்தில் பெரும்பாலானவை பள்ளத்தைப் பார்த்துத்தான் தண்ணீரை விடும், மேட்டுக்கு ஏற்றாது. மோட்டார் உறுமுகிறது, தட்டு சுழலவில்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது கெபாசிடர் போயிருக்கும். இரண்டும் சின்னச் செலவு. தண்ணீர் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், நீர்மட்டத்தை அளக்கிற மெல்லிய காற்றுக் குழாயில் களி அடைத்திருக்கலாம். மின்சாரப் போர்டு போனால்தான் கஷ்டம். ஈரம் புகாதிருக்க அதைப் பசை ஊற்றி மூடிவிடுகிறார்கள். ஆகையால் பெரும்பாலும் பழுது பார்க்க முடியாது, புதிதுதான் போட வேண்டும்.

பட்டியலில் எலிக்குத் தனி இடம் உண்டு! இந்த மெஷின்களுக்கு அடிப்பக்கம் திறப்பு. எலி உள்ளே புகுந்து ஒயரைக் கடித்துவிட்டுப் போகும். அடியில் வலை அடித்துவிட்டால் தீர்ந்தது. அதைக் கடைக்காரரே செய்து தந்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது.

குழந்தைகள் உள்ள வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை முடிந்ததும் பூஞ்சை பிடிக்காதிருக்க மூடியைத் திறந்து வைக்கச் சொல்வார்கள். சரிதான். ஆனால் டிரம்மில் தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது. பக்கத்தில் முக்காலி, வாளி எதுவும் இருக்கக் கூடாது. ஏறி எட்டிப் பார்க்கிற வயதில் குழந்தை இருந்தால், உள்ளே காய்ந்ததும் மூடிவிடுவதே நல்லது. எர்த் இல்லாத பிளக்கில் மெஷினைச் சொருகவே கூடாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று தொடுகிற சாமான் இது.

'முன்பக்கம் திறக்கிற மெஷின் உசத்தி என்கிறார்களே?' என்று வாசகர்கள் கேட்கலாம். தண்ணீரை மிச்சம் பிடிப்பதிலும் அழுக்கு எடுப்பதிலும் உசத்திதான். ஆனால் அதில் தண்ணீரைச் சூடாக்கும் கம்பி இருக்கிறது. கடின நீரைச் சூடாக்கினால் பொருக்கு இன்னும் சீக்கிரம் படியும். உப்புத் தண்ணீரையே நம்பியிருக்கிற வீட்டுக்கு மேல்மூடி மெஷின் மோசமில்லை. இரட்டைத் தொட்டி வைத்த அரை-ஆட்டோமாட்டிக் இன்னும் எளிமை. பழைய ரகங்களில் போர்டும் இல்லை, தண்ணீர் வால்வும் இல்லை. வாளியால் ஊற்றிக்கூட ஓட்டலாம். துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் மாற்ற வேண்டும் என்பதுதான் சிரமம். வாரம் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கு அந்தச் சிரமமும் ஒரு கணக்குத்தான்.

இனி, அந்த வீட்டு மெஷினுக்கு வருவோம். களியை வழித்து, தட்டை மறுபடி பூட்டு முன், பையன் வெறும் டிரம்மைக் கையால் சுற்றிவிட்டான். 'கர்ர்ர்' என்று ஒரு முனகல். தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் தேய்ந்து, தண்ணீர் பேரிங்குக்குள் இறங்க ஆரம்பித்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் ஓட்டினால் இன்னும் சில மாதங்களில் ஆகாய விமானம் கிளம்புகிற மாதிரி சத்தம் வரும். அப்போது தண்டும் போய், அலுமினிய வார்ப்பும் போய், கடைக்காரர் சொன்னதே சரி என்று ஆகிவிடும்.

"இப்பவே சீலையும் பேரிங்கையும் மாத்திட்டா?"

"புது மெஷின் வெலையில பத்துல ஒரு பங்கு ஆகுமுங்க்கா. வார்ப்பு இன்னும் கெட்டியாத்தான் இருக்குது."

அந்த அம்மாள் மாமனாரைப் பார்த்தார். பெரியவர் பேசாமல் குனிந்து, கட்டைவிரல் நகத்தால் அந்த வார்ப்பை மறுபடி ஒரு முறை அழுத்திப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"தாங்கும் அம்மிணி. மாத்தச் சொல்லு" என்றார்.

புதன்கிழமை சாமான் வாங்கி வந்து மாற்றுவதாக ஏற்பாடு. அதுவரை பிழிகிற வேலை வேண்டாம், துவைக்க மட்டும் ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் பையன் கிளம்பினான். ஜமுக்காளத்தைக் கையால் பிழிய வேண்டியதாயிற்று. ஒரு முனையை அந்த அம்மாள் பிடித்துக்கொள்ள, மறுமுனையை நான் பிடித்து முறுக்கினேன்.